இரண்டு மணி நேரக் கெடு

மெட்ரோ கேட் என் வயிற்றில் முட்டிய அன்றுதான் எல்லாம் தொடங்கியது. பொம்மசந்திரா வரைக்கும் பெங்களூர் மெட்ரோ வந்துவிட்டது, ஒருமுறை ஏறித்தான் பார்ப்போமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ஓசூரில் பஸ் பிடித்துப் போனோம். என் கணவர் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்மார்ட் கார்டு வாங்கினார். ரேஷன் கார்டு குடும்பத்துக்கு ஒன்றுதானே, இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். கார்டை வைத்துத் தான் உள்ளே போய், திரும்பி நின்று, அதை என்னிடம் நீட்டினார். நானும் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு திறந்துவிடும் என்று நம்பி நான் அதற்குள் நடந்தும்விட்டேன்.

பின்னால் நின்றவர்கள் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். காவலுக்கு நின்ற பெண் வந்து, ஒரு கார்டில் ஒருவர்தான் போகலாம், உள்ளே போனவர் வெளியே வந்தால்தான் அந்தக் கார்டு அடுத்தவரை ஏற்கும் என்று விளக்கினார். எனக்கு டோக்கன் வாங்க வேண்டும். உள்ளே நின்ற கணவர் மூடிய கதவுக்கு மேலே கையை நீட்டி நோட்டைக் கொடுத்தார். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் அவர். அன்று அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பெங்களூரில் எந்த மூலையில் லிஃப்ட் நின்றாலும் இவரைத்தான் அனுப்புவார்கள். கதவு மூடுவதும் திறப்பதும்தான் அவருக்குச் சோறு போடுகிறது. அப்படிப்பட்டவரை ஒரு கதவு நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டது. போக்குவரத்துச் செலவுக்கென்று கம்பெனி மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும், அதில் மிச்சம் பிடிப்பது அவர் சாமர்த்தியம். ஆக, மானமும் பணமும் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டன. அடுத்த வாரம் முழுக்க ஸ்டேஷனில் ஒட்டியிருந்த விதிகளைப் போனில் படம் பிடித்து வந்து, பரீட்சைக்குப் படிக்கிறவர்போலப் படித்தார்.

பிறகு எனக்குப் பாடம் நடந்தது. டோக்கனைவிடக் கார்டுக்குக் கட்டணம் குறைவு. கூட்டமில்லாத நேரத்தில் ஏறினால் இன்னும் குறைவு. கார்டில் பணம் இருந்தால் மட்டும் போதாது, குறைந்தபட்ச இருப்பு இருந்தால்தான் கதவு திறக்கும். உள்ளே போனால் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும், தாண்டினால் அபராதம். இதையெல்லாம் நான் துவரை உரித்துக்கொண்டே கேட்டேன். எனக்கும் ஒரு கார்டு வந்தது. அவர் எனக்கு வாங்கிக் கொடுத்தவற்றில் சேலைக்கு அடுத்தபடி நான் பத்திரமாக வைத்திருப்பது அதைத்தான்.

ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கார்டுக்கு நாம எங்கெங்க சுத்துனோம்னு தெரியாது. எங்க ஏறுனோம், எங்க எறங்குனோம், அவ்ளோதான் தெரியும். பொம்மசந்திரால ஏறி, அந்தக் கடைசி வரைக்கும் போயிட்டு, அப்படியே திரும்பி வந்து, அதுக்கு முந்துன ஸ்டேஷன் ஹெப்பகோடில எறங்குனா ஒரு ஸ்டேஷன் காசுதான். ரெண்டு மணி நேரம் ஏசி."

"இது ஏமாத்து இல்லிங்களா?"

"கெடுவுக்குள்ள வந்துட்டா என்ன ஏமாத்து?"

எனக்கு உறுத்தியது. ஆனாலும் போனேன். ஏன் போனேன் என்றால், எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாடகை வீடு, இரண்டே அறை. ஹாலில் மாமனார், மாமியார், கொழுந்தன். உள்ளறை எங்களுக்கு. அதற்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். நான் செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை, அவருக்கோ நேரங்காலம் இல்லாத வேலை. ஆடிக்கொருமுறை அமாவாசைக்கொருமுறை இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தால், சுவருக்கே காது உண்டு என்பார்கள், திரைக்குக் கேட்க வேண்டுமா? போதாக்குறைக்கு மாமனார் டிவி. நாங்கள் உள்ளே போனதும் செய்திச் சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். அவருக்குக் காது மந்தமாகிவிட்டது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று எத்தனையோ முறை கணவரிடம் பொரிந்து தள்ளியிருக்கிறேன். மாமியாராவது கொடுமைக்காரியாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். அவரோ நான் ஷிப்ட் முடிந்து வரும்போது தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருப்பார். அப்படிப்பட்டவரிடம் தனியாகப் போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் ஞாயிற்றுக்கிழமை மெட்ரோதான் எங்கள் உள்ளறை ஆனது. முதல் சில வாரங்கள் பேச்சே வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வருவோம், அவ்வளவுதான். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அவருக்கு இருட்டான லிஃப்ட் குழிக்குள் இறங்கப் பயம் என்பது கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து அந்த ரயிலில்தான் எனக்குத் தெரிந்தது. கடைசி ஸ்டேஷனில் வெளியே போகாமல் பிளாட்பார பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருவோம். அவர் கண் மட்டும் மேலே தொங்கும் கடிகாரத்திலேயே இருக்கும். "எந்திரி, இத விட்டா கெடு தாண்டிரும்" என்று சொல்லி, நான் ஆசையாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தி இழுத்துப் போயிருக்கிறார். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு முடிவோடு போனேன். என்னோடு வேலை பார்க்கும் பெண் ஓசூரிலேயே பாகலூர் ரோட்டில் ஒரு மாடி வீட்டைக் காட்டியிருந்தாள். ஓர் அறை, சின்னச் சமையலறை, தனி வாசல், அதில் ஒரு கதவு. நான் அந்தக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், போட்டுவிட்டு அங்கேயே சிறிது நேரம் நின்றேன். வீட்டுக்காரர் அந்த ஞாயிறு இரவுக்குள் பதில் வேண்டும் என்றார், இன்னொரு குடும்பமும் கேட்டுக்கொண்டிருந்தது.

போகும் வழியெல்லாம் வாய் வரவில்லை. கடைசி ஸ்டேஷன் பெஞ்சில்தான் ஆரம்பித்தேன். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று அவர் வாடகைக் கணக்கைத் தொடங்கிவிடுவார் என்ற பயத்தில், பணத்தைப் பற்றி நானே முதலில் பேசினேன். அப்புறம் பணத்தை விட்டுவிட்டேன். அத்தையை எனக்குப் பிடிக்கும் என்றேன். ஆனால் எனக்கு அழக்கூட அந்த வீட்டில் இடமில்லை, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன் என்றேன். சொல்லும்போதே அழுதும்விட்டேன். ரயில்கள் வந்தன, போயின. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்திரு என்று சொல்லவே இல்லை. நான்தான் கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போலாங்க" என்றேன்.

திரும்பும் ரயிலிலும் அவர் பதில் சொல்லவில்லை. முடியாது என்பதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறார், அவ்வளவுதான் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஹெப்பகோடியில் அவர் கார்டை வைத்ததும் சிவப்பு எரிந்தது. என் கார்டுக்கும் சிவப்பு. அழுது புலம்பிக் கெடுவைத் தாண்டவைத்துவிட்டேனே, இனி இதற்கும் சேர்த்து வீட்டுப் பேச்சு போச்சு என்று நினைத்தேன். கவுண்டரில் இருந்தவர் இரண்டு கார்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "டைம் ஜாஸ்தி ஆய்த்து சார்" என்றார்.

"கொத்து சார்" என்றார் என் கணவர், பர்ஸை எடுத்தபடி.

எல்லையில் இத்தனை காலம் இருந்துவிட்டு எனக்கு இந்தக் கன்னடம்கூடப் புரியாமல் இருக்குமா? தெரியும் சார் என்கிறார். தலைக்கு மேலே கடிகாரம் தொங்கிய பெஞ்சில், ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்காத மனிதர், நேரம் தாண்டுவதைத் தெரிந்தே விட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் அபராதத்தை எண்ணி வைத்தார். முணுமுணுக்கவில்லை. அத்தனை வாரம் ஒரு ஸ்டேஷன் காசில் சுற்றியதற்கும் சேர்த்துக் கட்டியதுபோல எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை அதற்கு முன் வந்ததில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சொன்னார்: "அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ வாயத் தெறக்காத."

வீட்டுக்குப் போனதும், செருப்பைக் கழற்றிய கையோடு எல்லோர் முன்னாலும் சொல்லியும்விட்டார். மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார். நான் உள்ளறைத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இதச் சொல்றதுக்கா வாரா வாரம் ரயிலேறிப் போனீங்க? இங்கியே சொல்லியிருந்தா அந்தக் காசாவது மிஞ்சியிருக்கும்ல" என்றார். மகன் யாரைப் போல் என்று அன்றுதான் விளங்கியது.

"இங்க எப்டி அத்த பேசறது..." என்று நான் மென்று முழுங்கினேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, உங்க மாமாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நீங்க ரெண்டு பேரும் உள்ள போனா மட்டும் எதுக்கு டிவிய அவ்ளோ சத்தமா வெச்சாருன்னு நெனச்ச?"

மாமனார் எங்களைப் பார்க்கவில்லை. ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்துவிட்டு, பாகலூர் ரோட்டில் எந்தப் பக்கம் என்று கேட்டார்.