அந்தியில் மட்டும் மடங்கிய கால்

நான்கு வருடங்களுக்கு முன்னால், விடாமல் மழை பெய்த ஓர் ஐப்பசி மாதத்தில் இது நடந்தது. நான் எல்கடுவப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றைக் காம்பராவில் நானும் மகளும்தான். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

மகளின் வலது கால் யாருக்கும் புரியாத ஒரு கால். காலையில் எழுந்தால் ரோடு வரைக்கும் ஓடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாதம் உள்பக்கமாக மடங்கத் தொடங்கும். அந்தியில் நுனிக்காலை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். தூங்கி எழுந்தால் ஒன்றும் இருக்காது.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் காலை ஓட்டத்தில் அவள்தான் முதலாவது. பின்னேரம் இறுதி ஓட்டத்தில் பாதித் தூரத்திலேயே விழுந்துவிட்டாள். தோற்றுவிடுவோம் என்று தெரிந்து வேண்டுமென்றே விழுந்தாள் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். லயத்தில் 'நடிகை' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

"தண்ணி எடுக்கச் சொன்னா மட்டும் ஒங்க நடிகைக்குக் கால் வலி வந்துருது பாருங்க" என்பாள் பக்கத்துக் காம்பரா அக்கா.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காலையில் ஓடுகிற கால் அந்தியில் ஏன் ஓடாது? வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று நினைத்தேன். அடித்தும் இருக்கிறேன்.

ஆனாலும் பெற்ற மனம் கேட்காமல் மூன்று முறை டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். நம்பர் எடுக்க வேண்டும் என்று இருட்டிலேயே எழுந்து முதல் பஸ்ஸில் போவோம். எட்டரை மணிக்கெல்லாம் டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். நடந்து காட்டச் சொல்வார்கள், அழகாக நடப்பாள். ஓடச் சொல்வார்கள், ஓடுவாள். அவர்கள்தான் என்ன செய்வார்கள், பாவம். எனக்கோ டாக்டர்மாரைக் கண்டால் வாய் ஒட்டிக்கொள்ளும். "கால் வலிக்குதாம்" என்பதற்கு மேல் சொல்ல வராது. அந்தியில் மட்டும்தான் இப்படி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நடிப்பு என்று நானே நம்பியதை எப்படிச் சொல்வேன்? விற்றமின் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவோம்.

மூன்றாவது முறை போன அன்று, மலையில் மண் சரிந்து எங்கள் பாதை அடைபட்டுவிட்டது. பஸ் இல்லை. ஆஸ்பத்திரி விறாந்தையிலேயே எங்கள் பக்கத்து ஆட்கள் சிலரோடு உட்கார்ந்திருந்தோம். நான்கு மணி இருக்கும், மகள் கழிப்பறைக்குப் போக எழுந்தாள். பாதம் முறுக்கிக்கொண்டு நின்றது. சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் போக, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இங்கயுமா? ஒழுங்கா நட" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

வீட்டுக்குப் போகக் குடையோடு வந்த ஒரு டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். காலையில் எங்களைப் பார்த்தவர்தான். டவுனைச் சேர்ந்த இளவயது முஸ்லிம் பெண்.

"காலையில ஓடிக் காட்டின புள்ள தானே இது?"

"நடிக்குது மிஸ்" என்றேன். பயத்தில் வாயில் வந்தது அதுதான்.

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, ஈரத் தரையிலேயே குந்தி உட்கார்ந்து மகளின் காலைக் கையில் எடுத்தார். என் விரலையும் பிடித்து அவளுடைய கெண்டைக்காலில் வைத்தார். கல் மாதிரி இறுகியிருந்தது. அத்தனை நாளில் அந்தக் காலை நான் தொட்டுப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நடிச்சா சதை இப்பிடி முறுக்கிக்கிட்டு நிக்காதும்மா. எத்தின மணிக்குத் தொடங்கும்? தூங்கி எழும்பினா சரியாகுமா?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. நான் பதில் சொல்ல முன்னே மகள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

குடும்ப வழியில் வரும், கை கால் அசைவைக் கெடுக்கிற அபூர்வமான நோய்கள் இருக்கின்றனவாம். இங்கேயும் வெளிநாடுகளிலும் உள்ள டாக்டர்கள் சிலர் சேர்ந்து அவற்றை ஆராய்கிறார்களாம், இவரும் அதில் ஒருவராம். மகள் நடப்பதைப் போனில் வீடியோ எடுத்து அவர்களுக்கு அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டார். பிறகு மகளிடமும் தனியாகக் கேட்டார்.

"பாத்துட்டு சிரிப்பாங்களா மிஸ்?" என்றாள் மகள்.

"சிரிக்க மாட்டாங்க. நீ நடிக்கலன்னு அவங்களுக்குத் தெரியும்."

மகள் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்தக் கோணல் காலோடு விறாந்தையின் அந்த முனை வரைக்கும் நடந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

இரண்டு கிழமை கழித்து எங்களைப் பின்னேரம்தான் வரவேண்டும் என்று கூப்பிட்டார்கள். கணவரும் வந்திருந்தார். மூன்று பேரிடமும் இரத்தம் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வெளிநாட்டு டாக்டர் மகளை நடக்கச் சொல்லிப் பார்த்தார். இரத்தம் பற்றிய முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை தினமும் பாதி கொடுத்துப் பாருங்கள் என்று ஒரு மாத்திரையும் தந்தார்கள். எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

நான்காம் நாள் அந்தியில் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வருகிறேன். மகள் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வருகிறாள். இரண்டு பாதமும் தட்டையாக மண்ணில் பதிகின்றன. நான் நடுப்படியில் நின்றுவிட்டேன்.

"என்னம்மா பாக்குறீங்க? வழிய விடுங்க, குடம் கனக்குது."

பக்கத்துக் காம்பரா அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குப் பிறகு நடிகை என்று யாரும் கூப்பிடவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து இரத்த முடிவு வந்தது. அந்த டாக்டர் என்னை உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார். மகளுக்கு இருப்பது அந்தக் குடும்ப நோய்தான், அது என் வழியில்தான் அவளுக்குப் போயிருக்கிறது.

"ஒங்களுக்கும் அந்தியில கால் இழுக்குமா?"

"அது மலையில நின்ன அசதி மிஸ்."

செருப்பைக் கழற்றச் சொன்னார். வலது செருப்பு வெளி ஓரத்தில் மட்டும் தேய்ந்து கிடந்தது. என் நோய் லேசானதாம். இத்தனை வருடம் அசதி என்றே நினைத்து நடந்திருக்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் என் தோளில் இடித்துச் சிரித்தாள். "அப்ப நீங்களும் நடிகைதான்."

என்னால் சிரிக்க முடியவில்லை. மனதில் வைத்திருந்ததைக் கேட்டே விட்டேன். "அன்னைக்கு ஒன்னைய அடிச்சேனே, கோவமா புள்ள?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எந்த அன்னைக்கும்மா?" என்றாள்.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. எது என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவ்வளவு நாட்கள் அடித்திருக்கிறேன். அவளுடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இறங்கும் வரைக்கும் அவளும் கையை இழுக்கவில்லை.

இப்போது மலையில் யாராவது முடியவில்லை என்று உட்கார்ந்தால், நான் பக்கத்தில் போய் எந்த நேரத்தில் முடியாமல் போகிறது என்று கேட்கிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.