கப்பல் மூழ்கும் நேரம்

எல்வின் பதினோரு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் இயந்திர அறைத் தொழிலாளியாக இருந்தவர். 2005 ஜூனில், இரும்புத்தாது ஏற்றிப்போன அவருடைய கப்பல் அரபிக்கடலில் மூழ்கியது. பத்தொன்பது பேரில் பதினெட்டு பேர் மிதவைப் படகில் ஏறித் தப்பினார்கள். வராமல் போனவர் திருத்துறைப்பூண்டித் தமிழரசன். எல்வினோடு ஒரே அறையில் படுத்து எழுந்தவர்.

ஊர் திரும்பிய வாரமே எல்வின் தமிழரசன் வீட்டுக்குப் போனார். மனைவி வானதி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கஷ்டப்பட்டாராண்ணே?"

"இல்லம்மா. கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

கம்பெனி அனுப்பிய கடிதத்திலும் கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியதாகவே இருந்தது. வானதி அதை நம்பினார்.

எல்வின் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. மயிலாடுதுறையில் வயல் மோட்டார்களைப் பழுதுபார்க்கத் தொடங்கினார். மனைவி லின்சி வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து மனுக்களும் கல்யாணப் பத்திரிகைகளும் அடித்துக் கொடுத்தார். அந்தக் கம்ப்யூட்டரில்தான், 2007 மழைக்காலத்தில், வேலையில்லாத ஒரு மதியம் எல்வின் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டைப் போட்டுப் பார்த்தார். நீருக்கடியிலிருந்து குண்டு விட்டு மேலே போகும் சரக்குக் கப்பல்களைக் கவிழ்க்க வேண்டும். முதல் குண்டு பட்டதும் கப்பல் பத்தே நொடியில் கல்லைப்போல் உள்ளே போனது.

"பொய்," என்று சத்தமாகச் சொன்னார் எல்வின். லின்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அந்த விளையாட்டின் கோப்புகளைத் திறந்து மாற்றுகிறவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் இடம் ஒன்று இருந்தது. எல்வினுக்குக் கப்பலில் பழகிய ஆங்கிலம் போதுமானதாயிருந்தது. விளையாட்டில் ஒவ்வொரு கப்பலின் உயிரும் ஒரே ஓர் எண் என்று தெரிந்துகொண்டார். அடிபட அடிபட எண் குறையும், பூஜ்யமானால் மூழ்கும். எல்வின் அதை மாற்றினார். கப்பலைச் சரக்கறைகளாகப் பிரித்தார். எந்த அறை எவ்வளவு நேரத்தில் நிரம்பும், பம்பு எவ்வளவு நீரை வெளியே தள்ளும், முன்பக்கம் தாழ்ந்தபின் எந்தப் பக்கம் சாயும், விளக்குகள் எப்போது அணையும் என்று ஒவ்வொன்றாக எழுதினார். எழுதியதும் கப்பலை மூழ்கடிப்பார். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். மறுபடி எண்களை மாற்றி மறுபடி மூழ்கடிப்பார். "நீங்கள் கடற்படையா?" என்று அயல்நாட்டுக்காரர் ஒருவர் கேட்டார். மோட்டார் மெக்கானிக் என்று பதில் போட்டார்.

"மறக்க வேண்டியத எதுக்குங்க தினம் பாக்குறீங்க?" என்றார் லின்சி.

"இன்னும் சரியா வரல லின்சி."

மறு ஆண்டு ஆடியில் வானதி வந்தார். உடல் கிடைக்காததால் இறப்புச் சான்றிதழ் இழுத்துக்கொண்டே போனது. நேரில் பார்த்தவரின் வாக்குமூலம் வேண்டுமென்று தாலுகா அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். அவர் உள்ளே வந்தபோது திரையில் ஒரு கப்பல் முன்பக்கம் தாழ்ந்து நின்றது. வானதி அதைப் பார்த்துக்கொண்டே காப்பியைக் குடித்து முடித்தார். கப்பல் அப்படியே இருந்தது.

"இது ஏண்ணே இன்னும் முழுகல?"

எல்வின் யோசிக்காமல் சொல்லிவிட்டார். "அவ்வளவு சீக்கிரம் முழுகாதும்மா. நம்ம கப்பலுக்கே அம்பத்திரண்டு நிமிஷம் ஆச்சு."

வானதி டம்ளரைக் கீழே வைத்தார். "அம்பத்திரண்டு நிமிஷமா? அவரு அப்ப எங்க இருந்தாரு?"

இனிப் பொய் சொல்ல எல்வினால் முடியவில்லை. தமிழரசன் கீழே பம்பு ஓட்டிக்கொண்டிருந்தார். எல்வின் மேல்தளத்தில், கீழறையோடு பேசும் போன் பக்கத்தில் நின்றார். நாற்பதாவது நிமிடத்தில் தமிழரசன் கீழிருந்து கூப்பிட்டு, தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது, ஏறி வரட்டுமா என்று கேட்டார். எல்வின் தலைமை இன்ஜினியரைக் கேட்டார். இன்னும் பத்து நிமிடம் ஓட்டச் சொல் என்றார் அவர்.

"நான்தாம்மா அத போன்ல சொன்னேன். அதுக்குள்ள கப்பல் சாஞ்சிருச்சு. ஏணிப் பக்கம் அவரால வர முடியல."

வானதி அழவில்லை. "அத அப்படியே எழுதிக் குடுங்கண்ணே," என்றார்.

எல்வின் சொல்லச் சொல்ல லின்சி அடித்தார். இத்தனை நாளும் லின்சிக்கும் இது தெரியாது. பத்து நிமிடம் என்ற இடத்தில் அவர் கை நின்றது. பிறகு அடித்து முடித்தார். மூன்று பக்கம் வந்தது. எல்வின் கையெழுத்துப் போட்டார்.

தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, கப்பல் மூழ்கி இறந்தார் என்று ஒரே வரி போதும், இவ்வளவு வேண்டாம் என்றாராம். எல்வினிடம் அந்த ஒரு வரிக் காகிதம் வாங்க வானதி வரவில்லை. உறவுக்காரர் ஒருவர் வந்து வாங்கிப் போனார். மூன்று பக்கத்தை வானதி வைத்துக்கொண்டார். தையில் சான்றிதழ் கிடைத்தது.

எல்வின் தன் மாற்றங்களை இணையத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். முதல் வாரம் பாராட்டினார்கள். பிறகு நேரமாகிறது, சலிக்கிறது என்றார்கள். யாரோ மூழ்கும் நேரத்தை ஐந்து நிமிடமாகச் சுருக்கி வெளியிட்டார்கள். எல்லோரும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து நன்னிலம் பேருந்து நிலையத்தில் எல்வின் வானதியைப் பார்த்தார். விலகிப் போக நினைத்தார். வானதியே அருகில் வந்தார்.

"இன்னும் பத்து நிமிஷம் ஓட்டச் சொன்னப்ப அவரு என்ன சொன்னாரு?"

"சரின்னு சொன்னாரும்மா."

"கோவமாவா?"

"இல்ல. எப்பவும் சொல்ற மாதிரிதான்."

வானதி தலையை ஆட்டிக்கொண்டார். திருவாரூர் வண்டி வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் இடம்பிடித்து உட்கார்ந்தார்.