தாவுஸ் மாமனாரிடம் பேசிய முதல் வார்த்தை

என் அண்ணன் ஹல்லி இஸ்தான்புல்லுக்குக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. பயணத்துக்கு நல்ல நாள் அதுதான் என்று அம்மா பிடித்த பிடிவாதத்தால் விமானச் சீட்டை மாற்றி எடுத்திருந்தான். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் எங்கள் ஊரான மரிக்குத் திரும்பி அப்போது அதிக நாள் ஆகவில்லை. பெட்டியைக்கூட முழுதாகப் பிரித்திருக்கவில்லை. ஒருத்தி உள்ளே வந்தால் ஒருத்தன் வெளியே போயாக வேண்டும் போலிருக்கிறது எங்கள் வீட்டில்.

வாசலில் கார் நின்றது. தந்தூரிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியை அம்மா நீட்டினாள். ஹல்லி ஒரு வாய் கடித்தான். மீதியை அம்மா துணியில் சுற்றிக் கதவுக்கு மேலே ஆணியில் மாட்டினாள். அவன் திரும்பி வந்துதான் மிச்சத்தைத் தின்ன வேண்டும். அப்பா அவன் தோளைத் தட்டினார். தம்பி யாஸ்கெல்டி பெட்டிகளைத் தூக்கி வைத்தான். கார் நகர்ந்ததும், போனவன் நல்லபடி திரும்ப வேண்டும் என்று அதன் பின்னால் தண்ணீர் தெளித்தோம்.

அண்ணி தாவுஸ் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா பக்கத்தில் நிற்கும்போது எப்படிப் பேசுவாள்? தலைத்துணியின் முனையைப் பல்லில் கடித்தபடி நின்றாள். அவளைத் தாண்டிப் போகும்போது ஹல்லி கையிலிருந்த போனை லேசாக உயர்த்திக் காட்டினான். அவள் கண்ணை மூடித் திறந்தாள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் விடைபெற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

தாவுஸ் பைராமலிக்குப் பக்கத்து ஊர்ப் பெண். எங்கள் வீட்டு மருமகளாகி ஏழு வருடம் ஆகியும் என் அப்பாவிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை. அவருக்குத் தேநீர் வேண்டுமா என்று அம்மாவின் காதில் கேட்பாள். அம்மா அதை உரக்கச் சொல்வாள். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். ஓரடி தள்ளி நிற்கும் தாவுஸ், அம்மா அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் நகர்வாள். நான் சிரித்துவிடுவேன்.

"சிரிக்காத. உனக்கும் ஒரு மாமனார் வராமலா போவாரு?" என்பாள் சமையலறைக்குள் வந்ததும்.

புருஷன் வீட்டார் பெயரையும் மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் எங்களுக்கெல்லாம் அவளே பெயர் வைத்திருந்தாள். நான் ஊர்சுத்தி. யாஸ்கெல்டி சின்ன ராஜா. புருஷன் வெறும் 'அவரு'. ஆனால் போனில் மட்டும் 'ஹல்லி' என்றே எழுதி வைத்திருந்தாள். "எழுதினா தப்பில்ல, சொன்னாத்தான் தப்பு" என்று அதற்கு ஒரு நியாயம்.

இதே தாவுஸ் வேலை பார்க்கும் குழந்தைகள் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். அவள் அதட்டல் இரண்டு தெருவுக்குக் கேட்கும். ஏழு வருடமாக வீட்டில் விழுங்கிய குரலையெல்லாம் அந்தக் குழந்தைகளிடம்தான் செலவழித்தாள். மிச்சத்தை ஹல்லியிடம்.

அவன் போன பிறகு அந்த மிச்சத்துக்கு ஒரே வழி போன். எங்கள் ஊரில் இணையத்தில் பாதிக்குத் தடை; அதைத் தாண்ட வைக்கும் வி.பி.என் இல்லாத போன் அலாரம் வைக்கத்தான் உதவும். ஹல்லிக்கு அங்கே முறையான காகிதம் கிடையாது, எண் அடிக்கடி மாறும். அவனைப் பிடிக்க அரட்டைச் செயலியை விட்டால் வேறு வழியில்லை. அது வி.பி.என் இல்லாமல் திறக்காது.

முதலில் பஜாரில் போன் கடை வைத்திருக்கும் கர்யாக்டியிடம் சாவி வாங்கினாள். காசு கொடுத்து வாங்கும் வி.பி.என்னுக்கு இங்கே சாவி என்றுதான் பெயர். ஒரு சாவி சில வாரம் ஓடும், சிலது இரண்டே நாளில் செத்துவிடும். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"காத்துக்கு யாராவது காசு குடுப்பாங்களா?"

அப்போதுதான் யாஸ்கெல்டி குறுக்கே வந்தான்.

"அண்ணி, அந்தாளுகிட்ட ஏன் கொட்டறீங்க? நான் முயல் போட்டுத் தர்றேன். சும்மாவே ஓடும்."

வெள்ளை முயல் படம் போட்ட ஒரு வி.பி.என் அது. அதன் உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது.

"சும்மாவா? யாரு நடத்தறாங்க?"

"யாரோ ஒரு நல்லவன். அவன் விலாசம் உங்களுக்கு எதுக்கு, பலகாரம் அனுப்பப் போறீங்களா?"

"இது என்னவோ கேக்குதே."

"போன்ல இருக்கிற பேரையெல்லாம் பாத்துக்கவான்னு கேக்குது. எல்லாமே கேக்கும், அண்ணி. சரி, சரி, சரின்னு தட்டிட்டே போகணும். குடுங்க இப்படி."

வாங்கி, அவனே தட்டினான்.

இனிச் சாவி வேண்டாம் என்று சொல்ல நானும் அவளும் போனபோது கர்யாக்டி சொன்னார்: "சும்மா ஓடற வண்டிக்குப் பெட்ரோல் யாரு ஊத்தறான்னு கேட்டியாம்மா? அதுக்காக என் சாவியைத்தான் வாங்கணும்னு சொல்லல. வாங்கினா சந்தோஷம்." வியாபாரி வேறு எப்படிப் பேசுவார் என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டோம்.

முயல் நன்றாகத்தான் ஓடியது. சாயங்காலம் ரொட்டி சுடும் நேரத்தில் தாவுஸ் தந்தூருக்குப் பின்னால் போய், விறகுக் கட்டின் மேல் போனைச் சாய்த்து வைப்பாள். மாவு பிசைந்துகொண்டே பேசுவாள். எந்தக் குழந்தை எவனைக் கடித்தது, அம்மாவின் முட்டிவலி, என் ஊர்சுற்றல். ஹல்லி அங்கே கட்டட வேலை இடத்தில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து கேட்பான். பாதி நேரம் ரொட்டி கருகும்.

செய்தி பள்ளிக்குப் பரவியது. தலைமை ஆசிரியை ஓகுல்சபர் அவளைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி தாவுஸ், அந்த முயலை எனக்கும் போட்டுக் குடேன். என் பொண்ணு அங்காராவுல இருக்கா, முகத்தைப் பாத்து எத்தனை நாளாச்சு."

யாஸ்கெல்டி பள்ளிக்கே வந்து எல்லோர் போனிலும் போட்டுக் கொடுத்தான். நல்ல பையன் என்று ஆளுக்கொரு கை மிட்டாய் கொடுத்தார்கள்.

பிறகு ஒரு நாள், யார் போனிலும் வி.பி.என் இருக்கக் கூடாது என்று பள்ளிக்கு மேலிடத்திலிருந்து கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்கள். தேநீர் நேரத்தில் ஓகுல்சபர், சத்தியம் செய்ய, மேசை நடுவில் இருந்த ரொட்டியின் மேல் முதலில் தன் கையை வைத்தாள். "என் போன்ல இல்ல" என்றாள். ஒவ்வொருத்தியாக வைத்தார்கள். தாவுஸும் வைத்தாள்.

"ரொட்டி மேல கை வெச்சுப் பொய் சொல்லிட்டேன், ஊர்சுத்தி. கை சுட்டுது" என்றாள் என்னிடம்.

"எல்லாரும்தானே வெச்சாங்க?"

"அதான் ஒரு தைரியம். எல்லார் கையும் ஒரே ரொட்டி மேல. யாரு யாரைக் காட்டிக் குடுக்கப் போறா?"

வசந்தத்தில் ஒரு காலை. தாவுஸின் போனில் இருந்த அத்தனை எண்களுக்கும் ஒரே குறுஞ்செய்தி போனது.

'ஹேய் நண்பா! தாவுஸ் உன்னைக் கூப்பிடுகிறாள். தடை இல்லாமல் பேசலாம், வா. யாரும் பார்க்க மாட்டார்கள்!'

கீழே அந்த வெள்ளை முயல்.

ஓகுல்சபரின் அறையில் அந்த நேரம் மேலிடத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மேசை மேல் இருந்த போன் சத்தம் போட்டது. இரண்டு பேரும் குனிந்து படித்தார்கள். பக்கத்து அறையில் ஒவ்வொரு போனாகக் கூவியது. தாவுஸைக் கூப்பிட்டார்கள்.

"அடிப்பாவி, ரொட்டி மேல கை வெச்சியேடி!" என்று முதலில் கத்தியது ஓகுல்சபர்தான்.

"அக்கா, உங்க போன்லயும்..."

"என் போன்ல என்னடி?"

தாவுஸ் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல்கள் மட்டும் வேகமாக அசைந்தன. முயலை அழித்துக்கொண்டிருந்தார்கள். மிட்டாய் கொடுத்தவர்கள் எல்லோரும்தான். மதியத்துக்குள் வேலை போய், பள்ளிக்குள் போடும் செருப்பைப் பையில் எடுத்துக்கொண்டு தாவுஸ் வீடு வந்துவிட்டாள்.

வீட்டில் அப்பா கம்பளத்தில் உட்கார்ந்து, போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். தூரத்தில் வரும் வண்டி தெரியும், கிட்டே இருக்கும் எழுத்து தெரியாது. யாஸ்கெல்டியிடம் நீட்டினார்.

"இது என்னடா?"

யாஸ்கெல்டி படித்தான். வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். "அண்ணி அனுப்பியிருக்காங்க" என்றான்.

தாவுஸ் உள்ளே வந்தாள். அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "மருமககிட்ட கேளு. நான் எப்ப அவளுக்கு நண்பன் ஆனேன்? யாரு பாக்காம என்ன பேசணுமாம்?"

அம்மா வாயெடுப்பதற்குள் தாவுஸின் பல்லிலிருந்து தலைத்துணி நழுவியது.

"நான் அனுப்பல, மாமா."

ஏழு வருடத்தில் அதுதான் முதல் வார்த்தை. அப்பாவுக்கே அவள் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது, திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஒரு கணம், அவளுக்கு நேராகப் பதில் சொல்வார் என்று நினைத்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மருமககிட்ட சொல்லு, போனைக் கொண்டாந்து பெட்டியில வைக்கட்டும்."

பக்கத்தில் நின்ற அம்மா, தாவுஸின் காதிலேயே விழாதது போல, அதை அப்படியே திருப்பிச் சொன்னாள்.

யாஸ்கெல்டியின் போன் ஜன்னலோரம் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அன்று மாலை தானாக ஒளிர்ந்தது. 'வாழ்த்துகள், யாஸ்கெல்டி! நண்பர்களை அழைத்ததற்கு நன்றி. உனக்கு ஒரு வருடம் முழு வேகம்.' நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவன் முன் நின்றேன்.

"அண்ணி போன்ல உன் பேரைப் போட்டுத்தான் முயலை ஏத்தினியா?"

"எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. நம்ம பேருல ஆள் சேர்த்தா வேகம் தருவான். பந்தாட்டம் நிக்காம பாக்கலாம்."

"அவ பேருல எல்லாருக்கும் செய்தி போகும்னு தெரியுமா?"

"நாலஞ்சு பேருக்குப் போகும்னு நெனச்சேன். அப்பாவுக்குமா போகும்?"

"வா, அப்பாகிட்ட சொல்லு."

"சொன்னா என் போனும் பெட்டிக்குப் போயிடும். உனக்கென்ன, நாளைக்கே வேற ஊருக்குக் கிளம்பிடுவே."

நானே போய்ச் சொன்னேன். அப்பா தேநீரை ஊதிக் குடித்தபடி கேட்டார். "சின்னப் பய வெளையாட்டு" என்றார். "ரொட்டி மேல கை வெச்சது அவதானே?"

இலவச வி.பி.என் போடலாமா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்கு இந்த வீடுதான் ஞாபகம் வருகிறது. தெருவிலிருந்து உன்னை மறைக்கிறேன் என்கிறவன் உன் வீட்டுக்குள் நின்றுகொண்டுதான் மறைக்கிறான். காசு கேட்காமல் ஏன் நிற்கிறான் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆளையும் வியாபாரி என்று ஒதுக்கினோம்.

கர்யாக்டியிடம் ஒரு சாவி வாங்கி, என் போனில் ஹல்லியைக் கூப்பிட்டு தாவுஸிடம் கொடுத்தேன். அதற்குள் யாஸ்கெல்டி தன் கதையை அவனிடம் முந்திச் சொல்லியிருந்தான்.

"யாரும் பாக்க மாட்டாங்கன்னு எத்தனை பேரைக் கூப்பிட்டே?" என்றான் ஹல்லி. முகத்தைப் பாதிதான் காட்டினான். "இங்க என்கூட ரூம்ல இருக்கிறவனுக்கும் வந்திருக்கு. படிச்சுக் காட்டிச் சிரிக்கிறான்."

"அவர் நம்பரை நீங்கதானே குடுத்தீங்க, அவசரத்துக்குன்னு. சத்தியமா நான் எழுதல."

"அப்ப யாரு எழுதினது, முயலா?"

"ஆமாங்க. முயல்தான்."

உண்மையைத்தான் சொன்னாள். என் காதுக்கே பொய் போலக் கேட்டது. நான் போனைப் பிடுங்கி விளக்கினேன், யாஸ்கெல்டியின் வேலையையும் சொன்னேன். "நீ அவளுக்குத்தான் பரிஞ்சு பேசுவே" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டான். கொஞ்ச நாளில் கணக்கையே மாற்றிவிட்டான். புதியது யாஸ்கெல்டிக்கு மட்டும் தெரிந்தது. அவன் கொடுக்கவில்லை.

தாவுஸ் பைராமலிக்குத் தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். யாரும் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கதவருகே நின்று, மேலே துணியில் தொங்கிய ரொட்டியை நோக்கிக் கையை உயர்த்தினாள்.

"அது என் பையனோட ரொட்டி" என்றாள் அம்மா.

கை இறங்கிவிட்டது. அம்மா பெட்டியிலிருந்து போனை எடுத்து அவளிடம் கொடுத்தாள். தாவுஸ் அங்கேயே நின்று முயலை அழித்தாள். அது எடுத்துக்கொண்டு போன பெயர்களை மட்டும் அழிக்க முடியாது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் காரின் பின்னால் தண்ணீர் தெளிக்க யாரும் வரவில்லை. நான்தான் குழாயடியிலிருந்து ஒரு குவளை கொண்டுவந்து ஊற்றினேன்.

அடுத்த வருடம் முலாம்பழக் காலத்தில், எனக்கு மறுபடி கால் அரித்தது. கிளம்புவதற்கு முன்னால் அவளைப் பார்க்கப் போனேன். உலர்த்துவதற்காகப் பழத்தை நீளநீளமாகக் கீறிக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். குரல் மட்டும் பழையபடி திரும்பியிருந்தது.

"என்ன ஊர்சுத்தி, இந்தத் தடவை எந்த ஊரு குடிமுழுகப் போகுது?"

பதில் சொல்வதற்குள் அவள் போன் சத்தம் போட்டது. எட்டிப் பார்த்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். வெயிலில் மங்கிய திரையில் செய்தி சரியாகத் தெரியவில்லை. 'ஹல்லி' என்ற பெயர் மட்டும் கண்ணில் பட்டது.

"அவரு" என்றாள். ஒரு வருடமாக அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டிருக்கவில்லை.

விரலெல்லாம் பழச்சாறு. தொட்டாள், திறக்கவில்லை. பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டாள். திறந்தது. படித்தாள். போனை என் பக்கம் நீட்டினாள்.

'ஹேய் நண்பா! ஹல்லி உன்னைக் கூப்பிடுகிறான். தடை இல்லாமல் பேசலாம், வா. யாரும் பார்க்க மாட்டார்கள்!'