தேள்வால் கூட்டத்தைப் பார்த்த பழனியாண்டி

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், விடியுமுன் தப்படித்து ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலைப் பேர்பதிவுக்கு, எழுப்புகிற உத்தியோகம் பழனியாண்டிக்கு. உத்தியோகம் என்று சொன்னது அவர் மட்டும்தான். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அதைச் சனியன் என்றார்கள். நல்ல தூக்கத்தைக் கெடுப்பவருக்கு யார் மாலை போடுவார்கள்?

ஐம்பத்து நாலில் சீமைக்குத் திரும்பிய பழைய துரை, மரைமான் பார்க்கிற தூரக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பழனியாண்டிக்கு மரையிடம் ஒரு வேலையும் இல்லை, வானத்தைப் பார்த்தார். தெற்கே, விருச்சிகத் தேளின் வாலுக்குப் பக்கத்தில் வெறுங்கண்ணுக்குப் புகைபோல் கிடந்த திட்டு, கண்ணாடிக்குள் பொலபொலவென்று நட்சத்திரமாய் உதிர்ந்தது. அன்றோடு ஆள் கெட்டார்.

தோட்டப் பள்ளிக்கூடத்து அலோசியஸ் மாஸ்டர் விளக்கினார்: "அது ஒரு கூட்டம் அண்ணே. ஒண்ணாப் பொறந்து ஒண்ணாப் போறது. ஆனா அந்தத் திசை பால்வீதியோட நடுப்பக்கம். முன்னால நிக்கிறது, பின்னால நிக்கிறது எல்லாம் கலந்து தெரியும். எது கூட்டத்து ஆளு, எது வழிப்போக்கன்னு பிரிக்கிறதுதான் கஷ்டம்."

"கொழுந்து நிறுக்கிற எடத்துல எல்லாக் கங்காணி ஆளும் கலந்துதாங்க நிக்கிது. போறப்ப எது எது சேந்து போவுதுன்னு பாத்தா தெரிஞ்சிறாது?"

"அதுக போறது தெரிய நூறு வருசமாவது வேணுமே!"

"நமக்கென்னங்க அவசரம்?"

தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளில், நட்சத்திரத்துக்கு ஒரு குத்தாக ஊசியால் குத்தினார். வருசத்துக்கு ஒரு தாள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக விளக்குக்கு முன்னால் பிடித்தால் எது நகர்ந்தது என்று தெரிந்துவிடுமாம்.

சங்கடம் ஒன்றுதான். மூடுபனி இல்லாமல் தேள் தெளிவாய் எழும்புவது மாசி, பங்குனி விடியற்காலையில். அதாவது தப்படிக்கிற நேரத்தில். ஒருநாள் பாறைமேல் உட்கார்ந்து குத்தியவர், நட்சத்திரம் மங்கிய பிறகே தப்பை நினைத்தார். பெரட்டுக்களத்துக்கு வந்த புதுத் துரையை வரவேற்க ஒரு நாய்கூட இல்லை. கைக்கடிகாரம் கட்டிய கணக்கப்பிள்ளை வீரய்யாவும் தப்புச் சத்தத்தை நம்பித் தூங்கியிருந்தார். அவமானம் அவருக்கு, ஏச்சு பழனியாண்டிக்கு.

வீரய்யா கத்தினார்: "இன்னொரு நாள் பிந்துச்சு, தப்பு வேற ஆளுக்கு! கண்ணாடி ஆபீசுக்கு! நீ மண்ணு கெளறுற முள்ளத் தூக்கிட்டு மலைக்குப் போ!"

கண்ணாடி பெட்டிக்குள் போயிற்று. மறுநாள் வானம் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. தேளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பழனியாண்டி அடித்தார். துக்கம் நெஞ்சிலிருந்து கைக்கு இறங்க, பெரட்டுத் தப்பு சாவுத் தப்பாகிவிட்டது. லயத்து ஆட்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"யாருய்யா போனது?"

மனைவி நாகலெட்சுமி குச்சிகளைப் பிடுங்கினார். "யாரும் போகல! இவரு ஒருத்தருதான் போயிருவாரு போல. நாளையிலேருந்து நீங்க பாறைக்குப் போங்க, நான் அடிக்கிறேன்."

"பொம்பள தப்படிக்கிறதா?" என்றது கூட்டம்.

"காலையிலேருந்து கொழுந்து கிள்ளுற கைக்கு ரெண்டு குச்சி பாரமோ?"

மறுநாள் நாகலெட்சுமி அடித்தது கல்யாண அடி. ஆட்கள் சிரித்துக்கொண்டே களத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வீரய்யா மட்டும் கொதித்துக்கொண்டு துரையிடம் ஓடினார். துரை நிறைந்த களத்தைப் பார்த்தார். "ஆள் வந்தாச்சு. யார் அடிச்சா என்ன?"

அப்படியாகத் தப்பு நாகலெட்சுமிக்கு; முள்ளு பழனியாண்டிக்கு. எழுப்பவேண்டிய கடமையே இல்லாதவரிடமிருந்து கண்ணாடியைப் பறிக்க வீரய்யாவுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. 'தப்புக்காரி புருசன்' என்று பெயர் வந்தது. அதையும் ஓர் உத்தியோகமாக ஏற்றுக்கொண்டார்.

ஈயத்தாள்கள் இதுவரை அச்சாகப் பொருந்துகின்றன. "ஒருத்தனும் சொல்லாமப் போகல" என்று அவருக்குப் பெருமை. வானம் தெளிந்த நாட்களில் தப்புச் சத்தம் கொஞ்சம் பிந்துகிறது. லயத்தில் இப்போது மாசி பிறந்தால் மூடுபனி வரக்கூடாதென்று மாரியம்மனுக்கு வேண்டுகிறார்கள். வானசாஸ்திரத்துக்கு அவ்வளவு மரியாதை.

கீழே குச்சியை ஓங்கியபடி நாகலெட்சுமி கத்துவார்: "முடிஞ்சுதாங்க?"

பாறையிலிருந்து பதில் வரும்: "இன்னும் ஒண்ணே ஒண்ணு!"