நான் சொல்லாத மறுமொழி

எனக்கு ஆறு வயதாகியிருந்தபோது என் சின்னம்மா என்னை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். அம்மாவின் தங்கையான அவர் ஆசிரிய கலாசாலையில் படித்தார். ஒரு பிள்ளை எந்த வயதில் எதை விளங்கிக்கொள்கிறது என்பதை ஒரு வருடம் கவனித்து எழுதவேண்டுமாம். தன்னாமுனையில் எங்கள் வீட்டிலேயே பிள்ளை கிடைத்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. என்னைப் பற்றிப் புத்தகம் வரப்போகிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

ஆடி மாத விடுமுறையில், ஒரே மாதிரியான இரண்டு கிளாசுகளில் சர்பத் வார்த்து, இரண்டும் சமமா என்று கேட்டார். கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்து, ஓம் என்றேன். பிறகு ஒன்றை மட்டும் ஒடுங்கிய நெட்டைப் போத்தலில் ஊற்றி, இப்போது எதில் கூட என்றார். போத்தலில்தான் என்றேன். அதையே கேட்டு வாங்கிக் குடித்தும் முடித்தேன். சின்னம்மா எழுதிக்கொண்டார்.

மார்கழியில் நத்தார் விடுமுறைக்கு வந்த சின்னம்மா அதே கிளாசுகளையும் போத்தலையும் எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஊத்தினாப்போல கூடுமா சின்னம்மா? ரெண்டும் ஒண்டுதானே."

"ஆடியில போத்தல்லதான் கூட எண்டு சொன்னாய்தானே, மகள்?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல."

கொப்பியை விரித்துக் காட்டினார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். என் பெயர், என் வயது, அதன் கீழே எந்த மடையனும் சொல்லாத ஒரு மறுமொழி. கலாசாலை முழுவதும் இதை வாசித்துச் சிரிக்கும் என்று நினைக்கவே கண் நிறைந்துவிட்டது. முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடி முறையிட்டேன். அவர் நிமிராமலே, "என்ட புள்ள அப்பிடிச் சொல்லியிராது" என்றார்.

அந்தத் தைரியம் போதுமாக இருந்தது. சின்னம்மா கிணற்றடிக்குப் போனதும் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டுபோய் வாவியில் விட்டேன். மை கரையும்வரை நின்று பார்த்தேன். அதன்பிறகுதான் பயம் வந்தது. விடுமுறை முடியக் கலாசாலையில் கொடுக்கவேண்டிய கொப்பி அது. மாமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

சின்னம்மா தேடி வந்தார். கையில் தடி இல்லை.

"ஏன்கா கிழிச்சாய்?"

"அது பொய்."

"உண்மையா உனக்கு ஞாபகமில்லையா?"

"நான் சொல்லவேயில்ல, சின்னம்மா."

குனிந்து என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு, கிழிந்துபோன பக்கத்தை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினார். அதோடு விடவில்லை. நான் மறுத்ததையும் தாளைக் கிழித்ததையும் அப்பா சொன்னதையும்கூடச் சேர்த்து மேலும் மூன்று பக்கம் எழுதினார். எழுதும்போது வாய்க்குள் பாடிக்கொண்டேயிருந்தார். இடையில் ஒருதரம் பேனையை வைத்துவிட்டு என் தலையைத் தடவினார்.

பொய் எழுதிப் பிடிபட்ட ஒருவர், அதையே இரண்டாம் தரமும் எழுதிவிட்டு இவ்வளவு சந்தோசமாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் சொந்தச் சின்னம்மா அல்லவா. நான் அவரை மன்னித்துவிட்டேன்.