மெதனோலும் ஒரு கரண்டியும்

மகளின் மடிக்கணினி தோசைக்கல்லாய்ச் சுடுகிறது என்று போன கிழமை இல்ஃபோர்டில் ஒரு கடையில் கொடுத்தேன். திருத்துகிறவர் மூடியைக் கழற்றியதும் உள்ளே தட்டையாக ஒரு செப்புக் குழாய் தெரிந்தது. "இதுக்குள்ள தண்ணி இருக்கு, தெரியுமோ தம்பி?" என்றேன். கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

எண்பதுகளின் கடைசியில், இதே லண்டனின் எட்மண்டன் பக்கம், ஒரு சின்னப் பட்டறையில் அந்தக் குழாய்களை வெட்டியவன் நான். ஊரில் படித்தது கணக்கியல். இங்கே கையில் கிடைத்தது அரம். பட்டறையில் எஞ்சினியர் என்றால் என் அறைத் தோழன் குகன்தான். வேலை போனால் அவனுக்கு விசாவும் போகும். குழாயின் சூடான முனையில் திரவம் கொதித்து ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடிப்போய்ச் சூட்டை இறக்கிவிட்டு, திரும்பத் திரவமாகி வரும். மோட்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. எந்தத் திரவம் என்பதில்தான் முழுச் சங்கதியும்.

ஒருமுறை தெருவோர மின்பெட்டிகளுக்கு ஓடர் வந்தது. தண்ணீரைப் போல் சூடு சுமக்க வேறொன்றும் இல்லை. ஆனால் லண்டன் குளிரில் உறைந்து குழாயை வெடிக்கப் பண்ணும். அமோனியா செப்பைத் தின்னும். மெதனோல் குளிரில் உறையாது, அதையே ஊற்று என்றார் முதலாளி. வெள்ளைக்காரர், நல்லவர்தான், பொறுமை மட்டும் குறைவு. குகனோ அசற்றோன்தான் என்று அடம்பிடித்தான். நகப்பூச்சு அழிக்கும் அந்த நெடி! மகள் போத்தலைத் திறந்தால் இன்றும் எனக்குப் பட்டறை ஞாபகம்தான். போட்டுப் பார்த்தோம். அது போதிய சூட்டைச் சுமக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மெதனோல் நிரப்பு, இல்லாவிட்டால் வேறு வேலை பார் என்று முதலாளி அவனிடம் சொல்லிவிட்டார்.

"உனக்கு என்னடா விசர்?" என்று தேத்தண்ணி நேரத்தில் கேட்டேன்.

"அப்பா குடிச்ச கசிப்புக்குள்ள ஆரோ இந்த மெதனோலைத்தான் கலந்தவங்கள். விடியக் கண் தெரியேல்லை எண்டார். பின்னேரம் ஆள் இல்லை."

"அப்ப அதை முதலாளிட்டச் சொல்லன்."

"என்னெண்டு? அப்பா கள்ளச்சாராயம் குடிச்சுச் செத்தவர் எண்டு வெள்ளைக்குச் சொல்லவோ?"

"அப்ப நான் நிரப்புறன்" என்றேன். "உனக்கு ஏலாது. அளவு பிழைச்சால் குழாய் வேலை செய்யாது" என்றான். அதுவும் உண்மைதான்.

வெள்ளிக்கிழமை கையுறை போட்டுக்கொண்டு அவனே எல்லாவற்றையும் நிரப்பினான். ஒன்றும் பழுதில்லை. முதலாளி முதுகில் தட்டினார். அறைக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினான், திரும்பவும் கழுவினான், பிறகு சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டான். அன்றிலிருந்து கரண்டிதான். புட்டுக்கும் கரண்டி. "துரை வந்திட்டார்" என்று அறைப் பொடியள் நக்கலடித்தார்கள். காரணம் தெரிந்த நான் சிரிக்க முடியாமல் சோற்றைப் பிசைந்தபடி இருப்பேன். கோபம் கோபமாய் வரும், யாரில் என்றுதான் தெரியாது.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது மாடிக் குடியிருப்பு. குகன் தொண்ணூறுகளில் கனடா போனான். முதலில் போன் எடுப்பான், பிறகு குறைந்தது, பிறகு இலக்கமும் மாறிவிட்டது. ஒரே சட்டியைச் சுற்றி இருந்து சாப்பிட்ட மற்றவர்களும் எங்கே என்று தெரியவில்லை.

அவன் கிடைத்தால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: இப்ப வீட்டுக்குள்ள இருக்கிற கொம்பியூட்டர் குழாயளுக்குள்ள எல்லாம் தண்ணிதான்டா, குகன். கையால சாப்பிடு.