எதிர்மூலையில் ஆளில்லை

ஒரு குத்துகூட விழாத சண்டையை, ‘ரொம்பக் கஷ்டமான சண்டை’ என்று பட்டியலின் உச்சியில் வைப்பீர்களா? என் அக்கா வைக்கிறாள். மண்டல பாக்ஸிங் சாம்பியன் அவள். நேற்று காலேஜ் குரூப்பில் அவளுடைய சண்டைகளை நான் கெத்தாக வரிசைப்படுத்திப் போட்டேன். மூக்கு உடைந்தும் ஜெயித்த மதுரைச் சண்டை முதலில். ஒரு கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் மயிரிழையில் தோற்றது அடுத்தது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

“தங்கம் வாங்குனது எங்கடி?”

“அதெல்லாம் ஒரு சண்டையாக்கா?”

“அதுதான்டி பெரிய சண்டை. மேல போடு.”

போடத்தான் வேண்டும். அந்தக் கோயம்புத்தூர்க்காரியைத் திரும்ப அடிப்பதற்காகவே அக்கா ஒரு வருஷம் உயிரை விட்டுப் பயிற்சி எடுத்தாள். ஒரே தலைவலி, எடை; அவள் ஆடும் எடைப்பிரிவின் வரம்பைத் தாண்டக் கூடாது. கீழ் கோத்தகிரிக் குளிரில் எவ்வளவு ஓடினாலும் வியர்க்காது, மூக்குதான் ஒழுகும். அதனால் அப்பா வேலை பார்க்கும் டீ ஃபேக்டரியில், தூள் காயும் ட்ரையர் பக்கத்தில், ரெண்டு ஸ்வெட்டருக்கு மேல் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு ஸ்கிப்பிங் ஆடுவாள். “ஏங்கண்ணு, உன்னையும் மூட்டையில கட்டி குன்னூர் டீத்தூள் ஏலத்துக்கு அனுப்பிரலாங்களா?” என்று அங்கே வேலை செய்யும் பெண்கள் ஓட்டுவார்கள்.

போட்டிக்கு முந்தின நாளும் பட்டினி. மலையிறங்கும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி. கீழே போனால் வெயில், சும்மா நின்றாலே வியர்வை ஊற்றியது. தராசில் ஏறினாள். எடை கூடவில்லை, குறைந்துவிட்டது! அவள் பிரிவுக்கு வேண்டிய எடைகூட இல்லை. கூடிவிடுமோ என்று மட்டுமே பயந்து பழகிய எங்களுக்கு, பயிற்சி தரும் மாஸ்டர் உட்பட ஒருத்தருக்கும், இது தோன்றவே இல்லை.

“தண்ணி குடிச்சுட்டு மறுபடி ஏறட்டுங்களா சார்?” மாஸ்டர் கெஞ்சினார்.

“டைம் முடிஞ்சுதுங்க.”

கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். அதில் பெயர் கொடுத்திருந்த ஒரே பெண்ணும் வரவில்லை. கிளவுஸ் மாட்டி ரிங்கில் ஏறிய அக்கா காலி மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவர் அவள் கையைத் தூக்கினார். தங்கம். எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான். அவள் உதட்டைக் கடித்து அழுகையை அடக்கியது எனக்கு மட்டும் தெரிந்தது. ஒரு வருஷ உழைப்பை ஒரு பாழாய்ப்போன பஸ் தின்றுவிட்டது. யாரைத் திட்டுவது? மலை வளைவையா?

ரிங்கை விட்டு இறங்கியதும் கோயம்புத்தூர்ப் பெண் வந்து கை கொடுத்தாள். “நாம எப்பங்க்கா ஆடறது?”

“அடுத்த வருசம் வா. எங்கயும் ஓடிராத.”

அடுத்த வருஷம் கைமூட்டு உடைந்து அக்கா போகவில்லை. இந்த வருஷம் போகிறாள். பட்டியலை மாற்றி முடித்ததும், “அவ இப்ப எந்த வெயிட்ல இருக்கா? போன்ல பாரு” என்றாள். பார்த்தேன்.

ரெண்டு பிரிவு மேலே ஆடுகிறாள்.